உதவச் செல்பவரின் தியானம் யாருக்குப் பயன்படுகிறது?

கவுண்டன்யக்கரை, குடியாத்தம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பது என் பணி. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டவர்கள், இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கும் முதியவர்கள், தறியிலும் பீடி சுற்றுவதிலும் ஆண்டுக்கணக்கில் குனிந்திருந்து கழுத்தும் முதுகும் ஓய்ந்துபோன பெண்கள் ஆகியோரே நான் நாள்தோறும் பார்ப்பவர்கள்.

விடியற்காலையில் சற்று நேரம் அமர்ந்து மூச்சைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. எந்த அமைப்பிலும் சேர்ந்து தீட்சை பெற்றதில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு பேராசிரியை சொல்லிக்கொடுத்ததை அப்படியே தொடர்கிறேன். இதனால் எனக்கு நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. சினம் எழும்போதே அது எழுகிறது என்று தெரிந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் பேருந்துக்காக நிற்கும்போதும் புலம்பல் குறைந்திருக்கிறது. நான் கேட்க விரும்புவது வேறு. என் கையில் தன் கையை ஒப்படைக்கும் அந்த மனிதருக்கு என்னுடைய பழக்கத்தால் ஏதேனும் கிடைக்கிறதா, அல்லது இது முழுக்க முழுக்க என் சொந்த நிம்மதிக்காக நான் செய்துகொண்ட ஏற்பாடுதானா?

பக்கவாதம் வந்தவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ‘எப்போது நடப்பேன்?’ என்பது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும், பிறகு அது மெல்ல மெல்லத்தான் வரும் என்பதை நாங்கள் அறிவோம். இன்னாருக்கு இவ்வளவு திரும்பும் என்று தொடக்கத்திலேயே அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இத்தொழிலில் இருப்பவர்கள் பலர் ‘பொங்கலுக்குள் நடந்துவிடுவீர்கள்’ என்று சொல்லி அந்த இடத்தைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. சற்று நேரம் அவரைப் பார்த்தபடி பேசாமல் இருந்துவிட்டு, பிறகு உண்மையைப் பக்குவமாகச் சொல்கிறேன். பேசாமல் இருக்கும் அந்த நேரம் அவருக்கு ஆறுதலாகப் படுகிறதா, ஈரமற்ற தன்மையாகப் படுகிறதா என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நோயாளி ஒருவரின் மனைவி, தமக்கும் தியானம் சொல்லித்தருமாறு சில வாரங்களாகக் கேட்டுவருகிறார். இரவில் உறக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். நான் தியானம் கற்பிக்கப் பயிற்சி பெற்றவள் இல்லை என்பதால் தயங்குகிறேன். மாலையில் கடைசி வீட்டை முடித்துத் திரும்பியபின் நானே அமர முயன்றால், அன்று பார்த்த முகங்கள்தாம் வரிசையாக வருகின்றன. காலையில் கிட்டும் அமைதி அப்போது கிட்டுவதே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி, தொரப்பாடி:

அன்புள்ள தங்கைக்கு, என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மனநலப் பிரிவுகளிலேயே கழிந்தது. ஆகவே என் விடையும் அங்கே பார்த்தவற்றிலிருந்துதான் வருகிறது. தியானம் செய்பவரின் அமைதி ஊதுவத்திப் புகையைப்போல அறை முழுவதும் பரவி அங்கிருப்பவர்களையும் அமைதியாக்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கலங்கியிருப்பவர் அருகில் சற்றும் கலங்காத ஒருவர் வந்து அமர்ந்தால், சில நேரங்களில் கலக்கம் கூடவும் செய்யும். ‘என் குடும்பம் நிலைகுலைந்து கிடக்கிறது, இவளுக்கு என்ன வந்தது’ என்று தோன்றுவது இயல்புதானே.

நான் பார்த்தது வேறொன்று. துன்பப்படும் ஒருவர் முன் நிற்கும்போது நம் உடம்பிலும் ஒரு தவிப்பு எழும். தொண்டை இறுகும், தோள் உயரும், எதையாவது சொல்லி அந்தக் கணத்தை முடித்துவிட நாக்கு துடிக்கும். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம்முடைய தவிப்புக்கு நாமே போட்டுக்கொள்ளும் மருந்து. நோயாளிக்கு அதில் பங்கு குறைவு. காலையில் அமர்ந்து பழகியவருக்கு இந்தத் தவிப்பு ஏற்கெனவே அறிமுகமானது. முழங்கால் மரத்துப்போகும்போதும், எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று தோன்றும்போதும், அசையாமல் அதைக் கவனித்திருந்து பழகியவர் அவர். அதே பழக்கம் கட்டிலருகில் ஓரிரு நொடி அவகாசத்தைத் தருகிறது, அந்த அவகாசம் நோயாளிக்குப் போய்ச் சேர்கிறது. தம் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு அப்போதுதான் இடம் கிடைக்கிறது. ‘எப்போது நடப்பேன்?’ என்பது முதல் வாக்கியம். உடனே விடை சொல்லி மூடிவிடாமல் இருந்தால், ‘கழிவறைக்குப் போக மகள் தூக்கவேண்டியிருக்கிறது’ என்றோ, ‘கடையைத் தம்பி எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான்’ என்றோ அடுத்தது வரும். மகளைப் பற்றிய கவலைதான் முதன்மை என்று தெரிந்துவிட்டால், நடை பழக்குவதற்கு முன்பே, கட்டிலிலிருந்து கமோடு நாற்காலிக்கு அவராகவே மாறி உட்காரும் பயிற்சியை நீங்கள் தொடங்கலாம். சிகிச்சையின் வரிசையே மாறிவிடுகிறது பாருங்கள்.

ஈரமற்றதாகத் தெரியுமோ என்று கேட்டிருந்தீர்கள். நின்றுகொண்டே பேசாமல் இருந்தால் தெரியும். நோயாளியால் உங்கள் மனத்தைப் பார்க்க முடியாது. முகமும் கையும்தான் அவருக்குத் தெரிபவை. பேசாத நேரத்தில் கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து உங்கள் கண்ணை அவர் கண்ணின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், பிடித்திருக்கும் கையை விடாதீர்கள். இவ்வளவு போதும்.

பிறருக்குச் சொல்லித்தருவது குறித்து அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணை மூடி உள்நோக்கி அமரும் பயிற்சி எல்லோருக்கும் உகந்தது அன்று. காதில் குரல் கேட்பவர்கள், யாரோ தம்மைக் கண்காணிப்பதாக நம்புபவர்கள், மனவெழுச்சியால் பல நாள் உறங்காமல் இருப்பவர்கள், அண்மையில் விபத்தையோ வன்முறையையோ கண்டவர்கள் ஆகியோரை நீண்ட நேரம் தனியே அமரச் செய்தால் நிலைமை மோசமாகலாம். பத்து நாள் மௌனப் பயிற்சி முகாம்களில் சேர விண்ணப்பிக்கும்போதே மனநோய் வரலாறு பற்றிக் கேட்கிறார்கள் அல்லவா, அதற்குக் காரணம் இதுதான். அந்த அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.

மன்றத்து ஆசிரியர், ஆம்பூர்:

வணக்கம். செவிலி அம்மையார் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். அமைதி பரவாது என்று அவர் அடித்துச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வேதாத்திரி மகரிஷி 1958-இல் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தின் வழியில் மனவளக்கலை என்னும் தியான, உடற்பயிற்சி முறையைக் கற்று, தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இப்போது சொல்லித்தருகிறேன். எங்கள் முறையில் தவம் (தியானத்தை அப்படித்தான் சொல்வோம்) முடிந்த கையோடு எழுந்து போவதில்லை. வாழ்த்து என்று ஒன்று உண்டு. தன்னையும், வாழ்க்கைத் துணையையும், மக்களையும், உடன் பணிபுரிவோரையும், தன்மேல் பகை கொண்டவரையும் நினைத்து ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்திய பிறகே முடிக்கிறோம். அன்று பார்க்கப்போகும் நோயாளிகளை ஒவ்வொருவராக நினைத்து, பெயர் சொல்லி வாழ்த்திவிட்டுப் புறப்பட்டுப் பாருங்கள். நோயாளிக்கு இது தெரியப்போவதில்லை. ஆயினும், எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் உறவினர் இருக்கும் வீட்டின் படியை நீங்கள் வேறு முகத்தோடு ஏறுவீர்கள், அந்த முகத்தைக் கண்டு அவரும் சற்று இறங்கி வருவார். இதைத்தான் நான் பரவுதல் என்கிறேன். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

தவம் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். அகத்தாய்வு என்று எங்களிடம் ஒரு பகுதி உண்டு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று ஒவ்வொன்றையும் ஏட்டில் எழுதி எழுதிப் பார்ப்பது அது. பிறருக்கு உதவுபவர் அந்த ஏட்டில் எழுதவேண்டிய ஆசை ஒன்று தனியாக இருக்கிறது: ‘இவர் தேறியது என்னால்தான்’ என்று நாலு பேர் சொல்லக் கேட்கும் ஆசை. அமர்ந்து பழகியவர்களிடம் இது குறைவதற்குப் பதிலாக நாசூக்காக வளர்வதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளை உடையும் மெல்லிய குரலும் வந்துவிடும். எதிரில் இருப்பவர் தேறாவிட்டால், அவருக்கு நம்பிக்கை போதவில்லை என்ற பழியும் கூடவே வந்துவிடும். இப்படிப்பட்டவரிடம் உதவி பெறுவதைக் காட்டிலும், தியானமே அறியாத, ஆனால் நேரம் தவறாமல் வந்து காலை நீட்டி மடக்கிவிட்டுப் போகும் ஒருவரிடம் உதவி பெறுவது மேல்.

வட ஆர்க்காடு 1989-இல் பிரிக்கப்படும்வரை திருவண்ணாமலையும் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. உலகுக்குத் தொண்டு செய்ய விரும்புகிறோம் என்று வந்தவர்களை ரமணர், முதலில் உன்னை அறிந்துகொள் என்று திருப்பிவிட்டது பலரும் அறிந்த செய்தி. அதை மட்டும் பிடித்துக்கொண்டு, நான் தெளிந்த பிறகே பிறருக்கு உதவுவேன் என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. அதே ரமணர் விடியுமுன் ஆசிரமத்துச் சமையற்கட்டில் அமர்ந்து காய் நறுக்கியதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அந்த அம்மா கேட்டால் மறுக்காதீர்கள். மூச்சைக் கவனிக்க யாருடைய தீட்சையும் தேவையில்லை. புருவ மையத்தில் கவனத்தை வைக்கும் ஆக்கினைத் தவம் போன்றவற்றை மட்டும் முறையாக ஆசிரியரிடம் நேரில் கற்கட்டும்.

ஏட்டுச்சுரை, காட்பாடி:

அமைதி பரவுமா பரவாதா என்னும் வழக்கை ஆய்வுகள் முடித்து வைத்துவிட்டதாக நினைக்கவேண்டாம். ஆனாலும் உங்கள் முதல் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில், உளச்சிகிச்சை பயின்றுகொண்டிருந்த 18 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் ஜென் தியானத்தில் அமரச் செய்தார்கள். உள்நோயாளிகள் 124 பேர் 9 வாரம் இவர்களிடம் சிகிச்சை பெற்றார்கள். தமக்குச் சிகிச்சை அளிப்பவர் தியானம் செய்பவரா என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. தியானம் செய்தவர்களிடம் சிகிச்சை பெற்றோரே கூடுதலாகத் தேறியிருந்ததாக 2007-இல் முடிவு வெளியிட்டார்கள். நோயாளிக்குத் தெரியாமலே நோயாளிக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதுதான் இதில் சுவையான பகுதி.

18 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, பின்வந்த ஆய்வுகளும் எல்லாம் ஒரே திசையைக் காட்டவில்லை. குறிப்பாக, ‘நான் விழிப்போடு இருக்கிறேன்’ என்று சிகிச்சையாளர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணுக்கும் நோயாளி தேறுவதற்கும் உறுதியான தொடர்பு தென்படவில்லை. மன்றத்து ஆசிரியர் சொன்ன வெள்ளை உடைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

2013-இல் பாஸ்டனில் செய்த சோதனை இன்னும் எளிமையானது. எட்டு வாரம் தியானம் பழகியவர்களையும் பழகாதவர்களையும், ஏதோ சோதனை என்று சொல்லி ஒருவர் ஒருவராக வரவழைத்து, மூன்றே நாற்காலிகள் உள்ள காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார்கள். மற்ற இரண்டு நாற்காலிகளிலும் ஆய்வாளர்களின் ஆட்கள். பிறகு ஊன்றுகோலோடு, வலியில் முகம் சுளித்தபடி ஒரு பெண் வருவாள். ஆட்கள் இருவரும் கண்டும் காணாததுபோல் கைப்பேசியையோ புத்தகத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழகாதவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பழகியவர்களில் பாதிப் பேர் கொடுத்தார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அசையாதபோது நாமும் அசையாமல் இருந்துவிடுவது மனித இயல்பு. அந்தப் பிடியிலிருந்து எழ ஏதோ ஒன்று உதவியிருக்கிறது. நம் நகரப் பேருந்துகளில் இதைச் செய்துபார்த்தால் என்ன கிடைக்கும் என்று எனக்கு ஆவல் உண்டு.

மாலையில் முகங்கள் வருவதைப் பற்றி. லைப்சிக் நகரில் தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் செய்த ஆய்வுகள் இங்கே உதவும். பிறர் துன்பத்தைத் தாமும் உடன் உணரும் பயிற்சியை மட்டும் ஒருவருக்குக் கொடுத்து, துயரக் காட்சிகளைக் காட்டினால், பார்ப்பவருக்கே வேதனை மிகுகிறது. அதன்பின் அதே ஆட்களுக்கு, அந்த மனிதர் நலம் பெறவேண்டும் என்னும் பரிவை வளர்க்கும் பயிற்சியைக் கொடுத்தால் வேதனை தணிந்து, இனிய உணர்வு கூடுகிறது. மூளையில் செயல்படும் பகுதிகளும் வேறாக இருக்கின்றன. மூச்சை மட்டும் கவனிக்கும்போது முகங்கள் வந்தால், அவற்றை விரட்ட முனையாமல், மன்றத்து ஆசிரியர் சொன்ன வாழ்த்தை அங்கே பயன்படுத்தலாம். எனக்கு அந்த முறையில் பற்று ஏதும் இல்லை, ஆனால் இந்த ஒரு செய்தியில் ஆய்வும் அவரும் ஒத்துப்போகிறார்கள்.

கவுண்டன்யக்கரை:

விரிவாக விடையளித்த அனைவருக்கும் நன்றி. இரண்டாவது வாக்கியத்தைப் பற்றிச் செவிலி அம்மா சொன்னதைப் படித்ததும் இரண்டு மூன்று வீடுகள் என் நினைவுக்கு வந்தன.

அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கணவருக்குப் படுக்கைப்புண் வந்துவிடக்கூடாது என்பதற்காக இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். கட்டிலை ஒட்டித் தரையில்தான் படுக்கிறார். மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். கணவரின் தம்பி குடும்பம் அதே தெருவில் இருக்கிறது. பகலில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, சிரித்துத்தான் பேசுவார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இயன்முறையாளர், ராணிப்பேட்டை:

நம் தொழிலுக்குள்ளேயே உங்கள் கேள்விக்கு நேரடியான விடை ஒன்று இருக்கிறது. இதுவரை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். பக்கவாதத்துக்குப் பின் தசை இறுகும் நிலையில், நாம் எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு அந்தத் தசை எதிர்த்து இழுக்கும். மெதுவாக நீட்டினால் எதிர்ப்பு குறையும். இது முதலாண்டுப் பாடம். ஆனால் ஏழாவது வீட்டில், கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டு மணிக்கட்டை நீட்டும்போது கை தானாக வேகமெடுக்கிறது. தசை இறுகுகிறது. நாமோ, இன்று நோயாளிக்கு இறுக்கம் அதிகம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வருகிறோம். அந்த இறுக்கத்தில் ஒரு பகுதி நம் கையின் அவசரம் உண்டாக்கியது. தன் மூச்சைக் கவனித்துப் பழகியவர், தன் கையின் வேகத்தையும் கொஞ்சம் முன்னதாகவே கவனித்துவிடுகிறார். காலையில் அமர்வதன் பயன் நோயாளிக்கு எப்படிப் போகிறது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் நோயாளியின் முழங்கையைத்தான் காட்டுவேன்.

எழுந்து நிற்கப் பழகும்போது நோயாளிகள் மூச்சைப் பிடித்துக்கொள்வதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம் இருக்கும். மூச்சைப் பிடித்து முக்கினால் அது சட்டென்று ஏறும். அதனால்தான் ‘ஒன்று, இரண்டு’ என்று வாய்விட்டு எண்ணச் சொல்கிறோம், எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. தூக்கிவிடும் நாமும் அதே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பதைக் கவனித்துப் பாருங்கள். இருவரும் சேர்ந்தே எண்ணினால் நம் முதுகுக்கும் நல்லது.

மாலைத் தியானத்துக்கு ஒரு யோசனை. எல்லா வீட்டையும் சுமந்துகொண்டு வந்து இரவில் இறக்கிவைக்க முயல்வதைவிட, ஒவ்வொரு வீட்டை விட்டு வரும்போதும் கை கழுவுகிறோமே, அந்த நேரத்தை முழுக் கவனத்தோடு செலவிடுங்கள். தண்ணீர் படும் இடம், சோப்பு வழுக்கும் இடம், ஓரிரு மூச்சு. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். கை எப்படியும் கழுவித்தான் ஆகவேண்டும்.

சாய்நாத்புரத்துக்காரன், வேலூர்:

நான் மருத்துவமும் படிக்கவில்லை, தியானமும் கற்கவில்லை. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்காக வேலூர் வந்து வாரக்கணக்கில் லாட்ஜுகளில் தங்கியிருப்பவர்களுக்கு மொழிபெயர்த்து உதவுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே பயிற்சி, அதிகாலையில் வேதாகமத்தின் ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, எதையும் கேட்காமல் அமைதியாக ஜெபத்தில் இருப்பது.

மொழிபெயர்ப்பவன் மற்றவருடைய செய்தியைத் தன் வாயால் சொல்லவேண்டியவன். அறுவை சிகிச்சையால் பயன் இருக்காது என்று மருத்துவர் சொல்வார். அதை அப்படியே அந்தத் தாயிடம் சொல்ல நாக்கு எழாது. இன்னும் சில மாத்திரைகள் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று நாமாக ஒரு வாக்கியம் சேர்த்துவிடத் தோன்றும். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கடன் வாங்கி இன்னும் ஒரு மாதம் அறை வாடகை கொடுப்பார்கள். கூட்டாமல், குறைக்காமல், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொல்வதற்கு எனக்குக் காலை நேரத்து அமைதி தேவைப்படுகிறது. செவிலி அம்மா சொன்ன தவிப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஊரார் அவர்களை அழைத்தார்கள். இருவரும் திருமணம் செய்துகொள்ளாமல், ஜெபத்தையும் ஏழைகளுக்கான மருத்துவத்தையும் ஒரே கூரையின்கீழ் நடத்தினார்கள். காலை ஜெபம் யாருக்குப் பயன்பட்டது, நோயாளிக்கா அவர்களுக்கா என்று அவர்கள் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே. உங்கள் கேள்வியைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம், அக்கா.

ஓய்வுபெற்ற செவிலி, தொரப்பாடி:

தங்கை, நீங்கள் எழுதியதைப் படித்தபின் அந்த அம்மாவுக்கு முதலில் தேவைப்படுவது தியானம் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருப்பவருக்கு உறக்கமின்மை என்பது நோயா, வேலையின் விளைவா? அவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தால், அந்த வேலையை இன்னும் ஓராண்டு வாய்திறவாமல் இழுக்கத்தான் அது அவரைத் தயார்ப்படுத்தும். மன்றத்து ஆசிரியர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன். அதே தெருவில் இருக்கும் மைத்துனர் குடும்பத்திடம், வாரத்தில் இரண்டு இரவாவது ஒருவர் வந்து புரட்டிவிடவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த அம்மா சொன்னால் குறையாகக் கேட்கும். பயிற்சி கொடுக்க வருபவர் நோயாளியின் நலனுக்காகச் சொன்னால் அது மருத்துவ ஆலோசனை ஆகிவிடும். காற்றுப் படுக்கை வாடகைக்குக் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். அது இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக்கூடாது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போதும் என்பதைத் தோலைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் உங்கள் காலைப் பழக்கம் பயன்படவேண்டும். அவர் பேச்சை மாற்றும்போது நீங்களும் கூடவே மாறிவிடாமல், சற்றுப் பொறுத்து, கணவர் காதில் விழாத இடத்தில் மீண்டும் கேளுங்கள். பசி இல்லையா, எதிலும் நாட்டம் இல்லையா, வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறதா என்பதைச் சுற்றிவளைக்காமல் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். நெஞ்சு படபடப்புக்குத் தைராய்டும் இரத்தசோகையும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதால் ஒரு இரத்தப் பரிசோதனை தேவை.

இவை நடந்தபின் அவர் விரும்பினால் சொல்லிக்கொடுங்கள். கண்ணை மூடச் சொல்லவேண்டாம். சுவரில் ஏதாவது ஓரிடத்தைப் பார்த்தபடி, மூச்சை இயல்பாக உள்ளிழுத்து, வெளிவிடுவதை மட்டும் சற்று நீளமாக விடட்டும். ஐந்து நிமிடம் போதும். கணவரின் கையை நீங்கள் மெதுவாக நீட்டும் நேரத்திலேயே அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து மூவருமாகச் செய்தால், தனியே நேரம் ஒதுக்கவேண்டிய தேவையும் இல்லை, தனக்கென்று ஏதோ செய்துகொள்கிறோமே என்னும் குற்ற உணர்ச்சியும் அவருக்கு வராது. அடுத்த முறை போகும்போது கணவருக்கு இரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும், அந்தப் பட்டையை அந்த அம்மாவின் கையிலும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.